கருமணல் கரையில் ஓர் அண்ணன்

கூட்டாளி,

சந்தைக்குப் போகும் வீதிக்கு இன்று தார் ஊற்றினார்கள். "ஐயா, ஓரமா போங்க, ஓரமா போங்க" என்று ஒருவன் கத்திக்கொண்டே இருந்தான். ஓரமாகப் போகச் சொல்பவன் நடுவில் எதையோ மறைக்கிறான் என்பது என் கட்சி. நடுவாலேயே போனேன். வலது சப்பாத்து வீதியோடு தங்கிவிட்டது. நான் ஒற்றைக் காலில் நொண்டியதைப் பார்த்து ஒரு கடைத்தெருவே சிரித்தது. ஆனால் அந்தச் சூடும் நாற்றமும் வெறுங்காலில் ஏறிய கணத்தில் நான் கண்டியில் இல்லையடா. ரீயூனியன் தீவுக் கரையில், கருமணல் சுட்டு, உன் தோளைப் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன்னிடம் பேசுவதில்லை என்று இருந்தேன். பதில் சொல்லாதவனோடு பேசினால் ஊர் என்னைப் பைத்தியம் என்னும். இப்போதும் அப்படித்தான் சொல்லப்போகிறது. சொல்லட்டும்.

நம்முடைய துரைக்குத் தேயிலை அலுத்து வெனிலாப் பைத்தியம் பிடித்த காலம் அது. அந்தக் கொடி நன்றாக விளையும் பிரெஞ்சுக்காரத் தீவைத் தானே போய்ப் பார்ப்பேன் என்று கிளம்பினார். அவருடைய வயிற்றுக்கு நீ, கடிதங்களை டைப் அடிக்க நான். துரை நம் இரண்டு பேரையும் அங்கே கரும்புத் தோட்டத்துக்கு விற்றுவிட்டு வரப்போகிறார் என்று நம் மஹய்யாவ ஊர் முழுக்கப் பேச்சு. நானும் பாதி நம்பினேன். உன்னை விற்கலாம், சமைப்பாய். என்னை யார் வாங்குவார்கள் என்கிற தைரியத்தில்தான் கப்பல் ஏறினேன்.

நீ ஏறியது வேறு காரணத்துக்கு. மடுல்கெல்லத் தோட்டத்தில் கங்காணியை அடித்துவிட்டு உன் அண்ணன் ஓடிப்போனபோது நீ அம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. அவர் முகம்கூட உனக்குத் தெரியாது. பிறகு ஒரு கடுதாசி இல்லை, ஒரு சொல் இல்லை. கொழும்புத் துறைமுகத்தில் யாரோ ஒரு கப்பல்காரன், அந்தத் தீவின் கறுப்புக் கரையில் கண்டிக்காரன் ஒருவன் மீன் பிடித்துப் பிழைக்கிறான் என்று சொன்னானாம். அதைக் கேட்டவன் இன்னொருவனிடம் சொல்லி, அது உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சுவாமியார், "இத்தனை வருசம் ஆச்சு, மரித்தவர் பூசை ஒன்னு வச்சிடுவோம்மா" என்பார். அம்மா சீறுவார்: "உசுரோட இருக்கிற புள்ளைக்கு எவளாச்சும் செத்த பூசை வைப்பாளா சாமி?" அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒருவேளை செத்திருந்தால் ஒரு பூசைகூட இல்லாமல் அந்த ஆத்துமா எங்கே கிடந்து வேகிறதோ என்று அழுவார். இரண்டு பக்கமும் முள்.

"பாத்துட்டு வா. இருந்தா இருக்கான்னு சொல்லு. இல்லாட்டி நானே சாமிகிட்ட போறேன்" என்று உன்னை அனுப்பினார். என்னைத் தனியே இழுத்து, "தம்பி, நீ எதையும் லேசுல நம்ப மாட்ட. நீயும் கூடப் போறதுதான் எனக்குத் தைரியம்" என்றார். என் குணத்தில் எல்லாரும் திட்டுகிற ஒன்றை ஒருவர் புகழ்ந்து கேட்டது அன்றுதான். எனக்குத் தலை கனத்துவிட்டது.

கப்பலைப் பற்றி எழுதமாட்டேன். நான் வாந்தி எடுத்ததை நீ ஊரில் நடித்துக் காட்டியதே போதும்.

துரை மலைமேல் வெனிலாத் தோட்டத்தில் விருந்தாளியாக இருந்த நாளில் நமக்குக் கீழே கரைக்குப் போக அனுமதி கிடைத்தது. அந்தக் கரை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நெருப்பு மலை எந்தக் காலத்திலோ கக்கிய குழம்பு கடல் வரைக்கும் ஓடிவந்து, தண்ணீரைக் கண்டதும் அப்படியே உறைந்து நின்றதுபோல் கறுப்புப் பாறை. அதன் காலடியில் அடுப்புக்கரியை இடித்துப் பரப்பியதுபோல் மணல். அலை மட்டும் வெள்ளை. பாறைக்குள் குகைகள். அலை உள்ளே புகுந்ததும், மேலே எங்கோ இருக்கிற ஓட்டையால் புஸ் என்று தண்ணீர் பீறிட்டது. நான் இரண்டடி பின்வாங்கினேன். கேட்டால், நீ பயப்படாமலிருக்க வழிவிட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

அந்த மணலை நான் நம்பவில்லை. கப்பல்காரர்கள் கொட்டிய கரிச்சாம்பலாக இருக்கும் என்று ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.

"நக்கியாடா பாக்குற?"

"பின்ன? கேட்டா எவன் உண்மையச் சொல்றான்?"

"என்ன ருசி?"

"மணல் ருசி."

"அப்ப நம்பு" என்றாய். நான் இன்னொரு சிட்டிகை எடுத்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். ஓலைத் தொப்பி, நரைத்த தாடி, கழுத்தில் சிலுவை. நம்மைப் பார்த்து, "கண்டியா?" என்றார். துருப்பிடித்த தமிழ். எனக்கு உடனே சுருக்கென்றது. இவருக்கு எப்படித் தெரியும்? பிறகு யோசித்தேன். வழியில் இருந்த கடையில் கண்டி, மடுல்கெல்ல, அண்ணன், ஓட்டம் என்று கையாலும் காலாலும் ஆடிப்பாடி விசாரித்தவன் நானேதான். அந்தக் கரையில் நம்முடைய கதை தெரியாதவர்கள் மீன்கள் மட்டும்.

விசாரணையை நான் எடுத்தேன்.

"எந்தத் தோட்டம்?"

"மடுல்கெல்ல."

அது நான் கடையில் கொடுத்தது. தள்ளுபடி.

"வீட்டுல அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ராசான்னு."

எந்த அம்மா கூப்பிடவில்லை? என் அம்மா என்னையே அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். அதுவும் தள்ளுபடி. கடைசியாக, கெட்டிக்காரத்தனமாக, "உங்க அப்பா எப்படிச் செத்தாரு?" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "செத்துட்டாரா?" என்றார்.

உங்கள் அப்பா செத்தது அண்ணன் ஓடிப்போன பிறகு. நிஜ அண்ணனுக்குத் தெரிய வழியில்லை. ஏமாற்றுக்காரனாக இருந்தால் ஏதாவது ஒன்றை அடித்துவிட்டிருப்பான். பெரிய ஏமாற்றுக்காரனாக இருந்தால் இப்படித்தான் தொப்பியைக் கழற்றுவான். எனக்குப் புத்தி அந்த மட்டோடு நின்றுவிட்டது. அவர் அழுதார். அந்த அழுகையையும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தேன், பாவி.

வெயில் தாங்காமல் தன் மீன் கூடைகள் கிடந்த குகைக்கு நம்மைக் கூட்டிப்போனார். உள்ளே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "சாப்பிடு தம்பி" என்று உன் கையில் சோளக்களியும் பொரித்த மீனும் தந்தார். தனக்கு அங்கே மனைவி மக்கள் உண்டு என்றும், இனி எந்த முகத்தோடு அம்மா முன்னால் நிற்பது என்றும் அரைத் தமிழில் சொன்னார். நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

பிறகு வெளியே வந்தோம். வந்ததும் நீ சாரத்தைத் தூக்கிக் கணுக்காலைத் தடவினாய். நானும் குனிந்து கால்விரல் இடுக்கைப் பார்த்தேன். ஈரத்திலிருந்து வெளியே வந்தால் நம் பக்கத்துக் கை தானாகவே அங்கே போகும். நிமிர்ந்து பார்த்தால், நமக்கு முன்னால் அவரும் குனிந்து ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?" என்றேன்.

"அட்டை" என்றார். சொன்ன பிறகு தனக்கே வெட்கம் வந்து சிரித்தார். "இந்தத் தீவுல அட்டையே இல்ல தம்பி. வந்து எத்தனையோ வருசம் ஆச்சு. இன்னும் பாக்குறேன்."

நீ அவரையே பார்த்தாய். கண்கள் கலங்கிவிட்டன. நான் உன் காதில் குசுகுசுத்தேன்: "அவசரப்படாத. ரத்தங்குடிக்கிற அட்டை மாத்தளையிலயும் உண்டு, பதுளையிலயும் உண்டு. மலைநாட்டுக்காரன்னு ஆச்சு. உன் அண்ணன்னு ஆகல."

"போதும்டா" என்றாய்.

"எது போதும்?"

"இதுவே போதும்."

திரும்பும் கப்பலிலும் நான் விடவில்லை. தினமும் ஒரு சந்தேகத்தோடு உன் படுக்கைக்கு வருவேன். ஒருநாள் எழுந்து உட்கார்ந்து கேட்டாய்: "நாமதான் அவரை அவ்வளவு கேட்டோம். நீதான் என் தம்பியான்னு அவரு என்னைய ஒரு கேள்வி கேட்டாரா? அவருக்கு மட்டும் என் மூஞ்சி தெரியுமா? இடுப்புல இருந்த புள்ள நான். சட்டுனு தம்பின்னு சொல்லிச் சோறு போட்டாரு."

ஏமாற்றுக்காரன் ஏன் கேட்கப்போகிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்து, வாந்தி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

அம்மா வாசலிலேயே நின்றார். "இருக்காரும்மா" என்றாய், அவ்வளவுதான். அம்மா என்னைப் பார்த்தார். சாட்சிக்கு அனுப்பியவர் அல்லவா, பார்க்கத்தான் பார்ப்பார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டல். அம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, "மெலிஞ்சிட்டானா?" என்று கேட்டார். பிறகு செத்த பூசைப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அம்மா கண்மூடும்வரை நன்றாகத் தூங்கினார்.

ஊர் சும்மா இருக்குமா? போனவன் யாரையும் பார்க்கவில்லை, அம்மாவின் மனதுக்காக ஒரு கதை கொண்டுவந்தான் என்று பேசினார்கள். கிணற்றடியில் பெண்கள் என்னை வளைத்தார்கள்: "நீங்கதான கூடப் போனீங்க, சொல்லுங்களேன்." வதந்தியைச் சும்மா கேட்டாலே இரண்டு மடங்காக்கித் திருப்பித் தருகிறவன் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கொடுப்புப்பல் வலி என்று முடிவுசெய்து மருந்தும் சொன்னார்கள்.

பிறகு ஊரில் பரவிய காய்ச்சலில் நீயும் போனாய். உன்னைப் புதைத்துவிட்டு வந்த வருசம், நவம்பரில், மரித்த ஆத்துமாக்களின் பூசைக்கு உபதேசியார் வீடுவீடாகப் பெயர் கேட்டு வந்தார். உன் வீட்டில் சொல்ல ஆளில்லாததால் என்னிடம் வந்தார். உன் பெயரைச் சொன்னேன். அம்மா பெயர், அப்பா பெயர் சொன்னேன். அவர் விரலை மடக்கி, "அந்த ஓடிப்போன மூத்தவரு பேரையும் சேத்துருவோமா? இனி யாருக்கு மனசு நோகப் போகுது?" என்றார்.

நியாயமான கேள்வி. கருமணல் கரையில் பார்த்தவருக்கு இப்போது வயதும் ஆகியிருக்கும். அவர் உன் அண்ணன்தானா என்பது அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. பால்காரன் சத்தியம் செய்தாலும் பாலுக்குள் விரலை விட்டுப் பார்க்கிற என்னிடம் உபதேசியார் கேட்கிறார்.

"வேணாம். அவரு இருக்காரு" என்றேன்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவருதானா?"

"அவருதான். கூடப் பொறந்தவனே சொன்னான், நான் பக்கத்துல நின்னேன்."

உபதேசியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஆயுள் முழுக்க ஊரையெல்லாம் பார்த்த பார்வை அது. அதன் எதிரில் நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை. காது சுட்டது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

வருசா வருசம் உபதேசியார் வருகிறார். இந்த நவம்பரிலும் வருவார், கேட்பார். அம்மா போய், நீயும் போன பிறகு உன் அண்ணன் உயிரோடிருப்பது என் பொறுப்பில் இருக்கிறது கூட்டாளி. எத்தனை வயதானாலும் அவரைச் சாகவிடுவதாக இல்லை.