அப்பாவின் சிரிப்பு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் இங்கே இருக்கிறோம், நலம் என்றே வைத்துக்கொள். உன் நலம் செவ்வாய்தோறும் டிவியில் கதை வசனம் என்று உன் பெயர் ஓடும்போது தெரிந்துவிடுகிறது, போன் பண்ணும் சிரமம் உனக்கு எதற்கு. குளியலறைக் குழாய் ஒழுகியதைச் சரிபண்ணியாகிவிட்டது. தங்கையை ஆபீசில் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். மாடிவீட்டு டீச்சர் உன் தொடரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாளாம், நான் தலையாட்டி வைத்தேன்.

போன செவ்வாய் காட்டியதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். புருஷன் செத்துப் பத்து நாள் ஆகவில்லை, பெண்டாட்டி அவன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இனிமேல் ரிமோட் என் கையில் என்கிறாள். உடனே பின்னாலிருந்து ஒரு கூட்டம் சிரிக்கிற சத்தம் வருகிறது. அந்தக் கூட்டத்தில் உன் அப்பா சிரிக்கிறார். எனக்குத் தெரியாதா, முதலில் ஓங்கி ஒரு சத்தம், பிறகு மூச்சு வாங்கும், கடைசியில் இருமல். உன் முதல் தொடரைப் பார்வையாளர் முன்னால் எடுத்தபோது ஆள் சேரவில்லை என்று எங்களைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தாயே. பாதி வசனம் அவருக்குப் புரியவேயில்லை. "பையன் எழுதினது, நாம சிரிக்கலன்னா வேற யாரு சிரிப்பா" என்று என் கையைக் கிள்ளிக் கிள்ளிச் சிரித்தார். அன்றைக்குப் பதிவான அந்தச் சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாக எல்லா அசட்டு ஜோக்குக்கும் ஒட்டுகிறீர்கள். அவர் இருந்தவரை நாங்களும் கேட்டுப் பெருமைப்பட்டோம், இல்லை என்று சொல்லவில்லை. இப்போது அவர் போய் எட்டு மாதம். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வாரம் வந்து இருடா என்றதற்கு எபிசோட் முடிக்க வேண்டும் என்றாய். அதுகூட ஆறிப்போகும். அவர் சாவுக்கு அவரையே சிரிக்க வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? ஒலி சேர்க்கிறவன் செய்த வேலை, நான் கவனிக்கவில்லை என்று தங்கையிடம் சொன்னாயாம். பெற்ற அப்பன் சிரிப்பு உன் காதுக்குத் தெரியவில்லை என்றால் அது இன்னும் மோசம். அந்தத் தொடரைப் பார்க்காதே என்கிறாள் அவள். முடியவில்லை, வேறு எங்கே போய் அவரைக் கேட்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஒரே இடத்தில் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே. இவ்வளவு திட்டினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அந்தச் சிரிப்பை அங்கிருந்து எடுத்து எனக்கு அனுப்பிவிடு. முன்னாலும் பின்னாலும் உன் வசனம் ஒன்றும் வேண்டாம்.

உன் அம்மா