பலகைக்குக் கீழே

அக்டோபர் 10, செவ்வாய்

அம்மா எட்டு மணிக்கே படுத்துவிட்டாள். விடிவதற்கு முன் வேலைக்குப் போக வேண்டும். குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத ஒன்றுமில்லை. தூக்கம்தான் வருகிறது.

காலையில் வழக்கம்போல ஃபுல்ட்டன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, நான்காம் எண் வண்டியைப் பிடிக்கக் கீழ்த் தளத்துக்கு ஓட்டம். மேலே வங்கிகளுக்குப் போகிற கோட்டுக்காரர்கள் எதிரே ஏறி வருகிறார்கள், ஒருவரும் வழி விடுவதில்லை. நடைமேடையின் நடுவில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பலகை தொங்கும். வண்டி நின்றதும், நடுப்பெட்டியின் சிறு அறையில் இருக்கும் கார்டு ஜன்னல் வழியாக அதை நோக்கி விரல் நீட்ட வேண்டும். வண்டி சரியான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். 7:41 வண்டிக்குக் கார்டு என் அம்மா. விரல் முதலில் பலகைக்கு. அப்புறம் ஒரு சாண் இறங்கி, கீழே நிற்கும் எனக்கு. போன வருடம் இந்தப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான்.

வெட்கமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

என் வகுப்பு நிக்கோவும் அவன் கூட்டாளிகளும் இப்போது அங்கேதான் வண்டி மாறுகிறார்கள். “அந்தப் பொம்பளை ஏன் உன்னையே கைகாட்டுது?” என்று நிக்கோ கேட்டான்.

“என்னை இல்ல, பலகையை.” எல்லாம் விளக்கினேன். கதவு மூடி வண்டி கிளம்பிய பிறகும் கார்டு கொஞ்ச தூரம் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதையும்.

“யார் என்ன செஞ்சாலும் தலையை உள்ள இழுக்கக் கூடாதா?”

“கூடாது. விதி.”

எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பள்ளியில் என் பேச்சை ஐந்து நிமிடம் யாரும் கேட்டதில்லை. அவள் என் அம்மா என்று மட்டும் சொல்லவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

குளியலறைத் தாழை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இன்று பலகைக்குக் கீழே நான் நிற்கவில்லை. தூணுக்குப் பின்னால் அவர்களோடு நின்றேன். வண்டி கிளம்பியது. அம்மாவின் தலை வெளியே. முன்னால் பார்க்காமல் பலகைப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நிக்கோ தூணைவிட்டு முன்னால் போனான், கையில் இரும்புத் தண்ணீர்ப் பாட்டில். ஒரு சத்தம். அவ்வளவுதான். எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள்.

நானும் ஓடினேன்.

அக்டோபர் 14, சனி

அம்மாவின் புருவத்தில் ஐந்து தையல். இடது கண் மூடிவிட்டது. ஃப்ரீசரிலிருந்து பச்சைத் துவரைப் பையை எடுத்துக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

“பலகைக்குக் கீழ நீ இல்ல. எங்கடா காணோம்னு தேடிக்கிட்டே வந்தேன், கை வந்ததே தெரியல. நல்லவேளை கண்ணு, நீ அங்க இல்ல.”

சூப் சூடாக்குகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

போலீஸ்காரரிடம் அம்மா யாரையும் பார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். கேமராவைத் தூண் மறைக்கிறதாம். நிக்கோ என்னை ஆய்வுக்கூடத்து மூலைக்குக் கூப்பிட்டான். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. “தண்ணி தெளிக்கத்தான் போனேன். பாட்டில் பட்டிருச்சு. நீ வாயத் திறந்தா, விதியச் சொல்லிக் கொடுத்தது யாருன்னு நானும் சொல்வேன்.”

சொல்வான். அதில் பொய் ஒன்றுமில்லையே?

அக்டோபர் 22, ஞாயிறு

நாளை அம்மா திரும்பவும் வேலைக்குப் போகிறாள். அவள் வண்டியை ஓட்டும் டெஸ்மண்ட் மாமா போனில் அம்மாவிடம் சொன்னார்: “மார்வெல், ஹெல்மெட் போட்டுக்கிட்டு வா. கேட்டா புது ஃபேஷன்னு சொல்லு.”

“சிரிக்க வைக்காதய்யா, தையல் இழுக்குது.”

போனை வைத்தபின் சீருடைச் சட்டையின் ஒரே கையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

நேற்றும் இன்றும் விரல் வந்தது. தலை ஒரு நொடி வெளியே வந்து உள்ளே போய்விட்டது. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டாராம். இன்னொரு தடவை என்றால் மேலிடத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிடுவாராம்.

“ஜன்னலத் திறக்கவே கை வர மாட்டேங்குது” என்றாள் அம்மா, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு.

அக்டோபர் 25, புதன்

சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பருகே நின்றிருந்தாள். “நான் அங்கதான் இருந்தேன்மா. தூணுக்குப் பின்னாடி.” நிக்கோவின் பெயர். பாட்டில். நான் சொல்லிக் கொடுத்த விதி. எல்லாம்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“சிரிச்சியா?”

“இல்ல. ஓடினேன்.”

அடுப்பை அணைத்தாள். “கோட்டப் போடு.” காவல் நிலையத்துக்கு நடந்தோம். அங்கே அவன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னது நான்தான்.

நவம்பர் 2, வியாழன்

நிக்கோ பள்ளிக்கு வருவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு என் மேசையில் யாரும் உட்காருவதில்லை. வீட்டில் அம்மாவும் “சாப்பாடு அடுப்பில இருக்கு” என்பதோடு சரி.

காலையில் பலகைக்குக் கீழே நிற்கிறேன். விரல் பலகைக்கு மட்டும். என் பக்கம் இறங்குவதில்லை. நான் ஏறுவதில்லை. கதவு மூடியதும் அம்மாவின் ஜன்னலை ஒட்டியே நடக்கிறேன், யாரும் கிட்டே வந்துவிடாதபடி. வண்டி என்னைத் தாண்டிப் போனபின் அடுத்த வண்டி. தினமும் பள்ளிக்குத் தாமதம். களைப்பாக இருக்கிறது.

நவம்பர் 14, செவ்வாய்

மூன்றாவது தாமதக் கடிதம் இன்று அம்மாவின் போனுக்கு வந்தது. படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நவம்பர் 15, புதன்

7:41. ஜன்னல் திறந்தது. விரல் பலகைக்கு. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். விரல் இறங்கியது. என்னை நோக்கி இல்லை. கதவுப் பக்கம் திரும்பி இரண்டு தடவை வெட்டியது. ஏறு.

ஏறினேன். அம்மாவின் சிறு அறைக் கதவில் சாய்ந்து நின்றேன். வண்டி நகர்ந்தது. அந்தப் பக்கம் அவள் தலை இன்னும் வெளியேதான் இருக்கும். ஜன்னல் மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வெகுநேரம் போலிருந்தது.

மூடியது.

பள்ளிக்கு நேரத்துக்குப் போய்விட்டேன்.