தலைக்கு ஒரு துண்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

போன மாதம் என் முடிவெட்டும் கடைக்கு வரி அதிகாரி வந்தார். சொந்தக் கடைக்காரன் சொல்லும் வருமானத்தை இவர்கள் நம்புவதில்லை. தாங்களாகவே ஒரு மதிப்புப் போடுவார்கள். கொடியில் காய்ந்த துண்டுகளை எண்ணி, தலைக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

"கழுத்துக்கு ஒண்ணு, முகம் துடைக்க ஒண்ணு சார். ஆளுக்கு ரெண்டு ஆகும்" என்று கெஞ்சினேன்.

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார்.

வருமானம் இரட்டிப்பாகிவிட்டதாம். நான் ஊருக்கு வர வைத்திருந்த பணம் வரிக்கே போய்விட்டது.

நேற்று அவரே முடிவெட்ட வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் வேறு கடை கிடையாது. கழுத்தில் துண்டைக் கட்டி வெட்டி முடித்தேன். பிறகு சவரத்துக்குக் கண் வரைக்கும் நுரை பூசினேன்.

"கண்ணு எரியுதுய்யா! துண்டு எங்க?"

"தலைக்கு ஒண்ணுதானே சார்? கழுத்துல இருக்கு."

அதையே இழுத்துத் துடைத்தார். வெட்டிய முடியெல்லாம் நுரையோடு அப்பிக்கொள்ள, கரடி மாதிரி தெருவில் இறங்கி ஓடினார். பயப்படாதே, கத்தியை நான் எடுக்கவே இல்லை. வரி குறையாது. ஆனால் நேற்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. அடுத்த மாதமும் அவருக்கு முடி வளரும்.

துண்டு போதவில்லை. உன் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து அனுப்பு. ஒன்றை மட்டும் கிழிக்காதே, துவைக்கவும் வேண்டாம். அதை நான் கொடியில் போடமாட்டேன்.

முடிவெட்ட ஆள் வந்துவிட்டார்.

பாப்பாவின் அப்பா