ஒன்பது வருட ரோஜா சோப்பு

மார்ச் 4
குளியல் சோப்பு ஆய்வின் படிவங்கள் வந்துவிட்டன. முந்நூற்று இருபது. மக்கள் சொன்ன பதில்களை நான் எண்களாக்க வேண்டும். வாசனை பிடிக்கும் என்றால் 1, விலை மலிவு என்றால் 2, பழகிவிட்டது என்றால் 7. ஏழுதான் எப்போதும் அதிகம். மேலாளர் அதை 'விசுவாசம்' என்பார். நாய்க்கே அதற்குள் சலித்திருக்கும்.

மார்ச் 6
மூன்றாவது கட்டுப் படிவங்களில் எங்கள் தெரு. எங்கள் கதவு எண்.

படிவத்தின் முதல் கேள்வியே ஆளை வடிகட்டத்தான்: வீட்டில் யாராவது சந்தை ஆய்வு வேலையில் இருக்கிறார்களா? இருந்தால் நன்றி சொல்லிக் கிளம்பிவிட வேண்டும். என் மனைவி 'இல்லை' என்றிருக்கிறாள். பதினோரு வருடமாக இங்கேதான் குப்பை கொட்டுகிறேன். இல்லையாம்.

தற்போதைய சோப்பு: ரோஜா. எத்தனை வருடம்: ஒன்பது. வாங்குவதை முடிவு செய்பவர்: கணவர். பிடிக்குமா: பிடிக்காது, தலை வலிக்கும். ஏன் மாற்றவில்லை? பேட்டி எடுத்த பெண், இவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறாள்: "யாரும் கேக்கலை."

கடைசிக் கேள்வி, ஆறு மாதத்துக்குள் வீட்டில் ஏதும் மாற்றம் வருமா? "அக்கா வீட்டோட போயிடலாம்னு யோசிக்கிறேன்."

இதற்கு என்ன எண் போடுவது?

மார்ச் 7
"உப்பு சரியா இருக்கா?" என்றாள். தினமும்தான் கேட்கிறாள். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பேட்டி எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

படிவத்தில் பார்த்ததை எப்படிக் கேட்பேன்? ரகசியம் காப்போம் என்று அச்சடித்துத்தானே பதில் வாங்கினோம்.

மார்ச் 9
எலுமிச்சை வாசனை சோப்பு வாங்கி வந்தேன். "எதுக்கு?" என்றாள். "சும்மா, மாத்திப் பாப்போம்னு." பிரித்து வைத்தாள்.

மடையன். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடியும் நானே வாங்கியிருக்கிறேன். எனக்கென்ன புத்தி மழுங்கிப்போச்சா?

மார்ச் 10
படிவத்தைத் தள்ளுபடி செய்தேன். மேலாளர் கூப்பிட்டார். "இவ்வளவு தெளிவா யாருமே பதில் சொல்லல. ஏன் தள்ளினீங்க?"

"என் வீடு சார்."

இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரை நாள் லீவு எடுத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஏன் இல்லைன்னு சொன்ன?"

"ஆமான்னா எழுந்து போயிடுவாங்கன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. அந்தப் பொண்ணு அரை மணி நேரம் என்னைப் பத்தியே கேட்டுச்சு. அனுப்ப மனசு வரலை."

"போகப் போறியா?" என்றேன்.

கேட்டுவிட்டு வாயை மூடு, பதிலை எடுத்துக் கொடுக்காதே — புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். மூடினேன். ஒரு துண்டு, இரண்டு சட்டை, ஒரு போர்வை மடிக்கும்வரை மூடியே இருந்தேன்.

"தெரியல," என்றாள்.

எங்கள் படிவக் கணக்கில் 'தெரியாது' என்றால் 99. அதுவும் பதில்தான்.

மார்ச் 13
அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். எத்தனை நாள் என்று கேட்டேன். "பாக்கலாம்."

மார்ச் 16
எலுமிச்சையும் சகிக்கவில்லை. வீடு வீடாக இல்லை.

மார்ச் 19
போன் செய்தேன். நன்றாகத்தான் பேசினாள். வா என்று சொல்ல வாய்வரை வந்தது. அவளே முடிவு செய்யட்டும் என்று வைத்துவிட்டேன். சரியா, தப்பா? — பயமாக இருக்கிறது.

மார்ச் 22
அலுவலகத்திலிருந்து வந்தபோது வாசலில் அவள் செருப்பு. குளியலறையில் கறுப்பாக ஒரு புது சோப்பு. மருந்துக்கடை வாசனை, மூக்கைத் துளைக்கிறது. குளித்தேன்.

"எப்படி இருக்கு?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"பழகிடும்," என்றாள். நாலடி போயிருப்பாள். திரும்பி வந்தாள்.

"பழகலைன்னா சொல்லுங்க."