என் மூளைக் கட்டியில் ஒரு சீவல் கேட்டு

விடுநர்:
நீதிமன்றத் தட்டச்சர் (தற்போது மருத்துவ விடுப்பில்),
முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் தலையிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு மெல்லிய சீவலை எனக்கே தர மறுப்பது – தாங்கள் தலையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஊரார் மனுக்களையெல்லாம் காலம் முழுக்கத் தட்டச்சு செய்த எனக்கு, சொந்தமாக ஒன்று எழுதும் வாய்ப்பைத் தங்கள் நிர்வாகம் அளித்திருக்கிறது. அதற்கு முதற்கண் நன்றி. சில சொற்கள் எனக்கு இப்போது வருவதில்லை. அந்த இடங்களில் பக்கத்தில் இருக்கும் என் கணவர் எடுத்துக் கொடுக்கிறார். கோபமான சொற்கள் ஏதும் தென்பட்டால் அவை அவருடையவை.

2. நோய் வெளிப்பட்டது வேலையில்தான். ஒரு தீர்ப்பில் 'மாண்புமிகு நீதிபதி அவர்கள்' என்பதை 'மாண்புமிகு நாற்காலி அவர்கள்' என்று அடித்துவிட்டேன். அது கையொப்பமும் முத்திரையும் பெற்று வெளியே போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. அன்று மாலை கணவரின் கத்தரிக்கோலைக் 'குடை' என்றேன், அவர் சிரித்தார். மறுநாள் அவரையே என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியாமல் அறை வாசலில் நின்றேன். சிரிப்பு அதோடு நின்றது. ஸ்கேனில், மூளையின் இடப்பக்கம், சொற்கள் குடியிருக்கும் பகுதியில், கட்டி தெரிந்தது.

3. தங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. தலையை மழிக்க வார்டு ஊழியர் வந்தபோது என் கணவர், "இது என் தொழில், இவ என் பொண்டாட்டி. ரெண்டையும் என்கிட்டயே விட்டுடுங்க" என்று கத்தியை வாங்கிக்கொண்டார். கடையில் ஐந்து நிமிடத்தில் ஒரு தலையை முடிப்பவர், அன்று அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அறுவை செய்த மருத்துவர் அம்மையார் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்தார். அவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

4. அவர்தான் விளங்கும்படி சொன்னார்: "செல்லோட மேல்பரப்புல ஏற்பின்னு ஒரு புரதம் இருக்கும்மா. வளர்ச்சிக் காரணின்னு ஒண்ணு வெளியிலிருந்து வந்து அதைத் தொட்டாத்தான், 'பிரிஞ்சு பெருகு'ன்னு உள்ளே செய்தி போகும். சில கட்டிகள்ல அந்த ஏற்பியோட வெளிப்பகுதி துண்டா போயிருக்கும். அப்புறம் யாரும் தொட வேண்டியதில்லை. செய்தி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும், செல்லும் பெருகிக்கிட்டே இருக்கும். உங்களோடதும் அந்த வகையா இருக்கலாம்."

5. அந்தச் செய்தியை உள்ளேயே தடுக்கப் பார்க்கும் ஒரு மாத்திரையை வேறொரு ஆராய்ச்சி மருத்துவமனையில் சோதித்து வருகிறார்கள். பலிக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் என்னைச் சேர்த்துக்கொள்வதானால், என் கட்டியில் அந்த ஏற்பி பழுதாகி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சீவல் போதும். கட்டியோ மெழுகுக்குள் பதிக்கப்பட்டு, தங்கள் நோயியல் துறையின் காப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

6. காப்பறைப் பொறுப்பாளரை அணுகினோம். அவர் மரியாதையாகவே பேசினார். "உடம்புக்குள்ள இருக்கிறவரைக்கும் அது உங்களோடதும்மா. வெளியே வந்துட்டா மருத்துவமனைச் சொத்து" என்றார். வெளியே தர ஒரு கமிட்டி உண்டாம். அதன் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டதால் அது கூடுவதில்லையாம். புதுத் தலைவரைக் கமிட்டிதான் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

7. ஆயினும் கட்டியைக் 'கொடையளித்தவர்' நேரில் சம்மதித்தால் விதிவிலக்கு உண்டென்று அறிந்து மகிழ்ந்தேன். அடையாள அட்டையை நீட்டினேன். "இதுல முடி இருக்கே" என்றார் பொறுப்பாளர், படத்தையும் என் தலையையும் பார்த்து. "இருந்துச்சு சார். எடுத்தது நான்தான்" என்றார் என் கணவர். இது ஏற்கப்பட்டது. நிர்வாகம் எங்கள் வார்த்தையை நம்பிய ஒரே தருணம் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

8. அடுத்து, சம்மதத்தின் பொருளை உணரும் நிலையில் நான் இருக்கிறேனா எனச் சோதித்தார்கள். ஒரு மருத்துவர் படங்களைக் காட்டினார். பசு என்றேன், சாவி என்றேன். பிறகு ஒரு சீப்பின் படம். ஐயா, சீப்பு சம்பாதித்துப் போட்ட சோற்றைத்தான் இத்தனை காலம் உண்டிருக்கிறேன். அது எதற்கு என்று தெரியும். எப்படிப் பிடிப்பது என்று கையால் காட்டினேன். பெயர் மட்டும் வரவில்லை. பக்கத்தில் இருந்த கணவர் சொல்லிவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்தார். 'மொழித்திறன் போதாது, சம்மதம் செல்லாது' என்று முடிவானது. அப்படியானால் தாம் சம்மதிக்கிறேன் என்றார் கணவர். கட்டி அவருடையதல்ல என்று விளக்கப்பட்டது.

சொல் தொலைந்ததே இந்தக் கட்டியால்தான். சொல் தொலைந்ததால் கட்டி கிடைக்காது. நீதிமன்றத்தில் எத்தனையோ வாதங்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன். இவ்வளவு கச்சிதமான ஒன்றைப் பார்த்ததில்லை.

9. இதற்கிடையே மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். எடுக்க முடியாமல் விட்ட மிச்சம் வளர்ந்திருக்கிறது. கமிட்டி கூடுவதற்குள் கட்டி கூடிவிட்டது. இந்த வாரத்துக்குள் சீவல் வராவிட்டால் என் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆராய்ச்சி மருத்துவமனை தெரிவித்திருக்கிறது. அந்த இன்னொருவர் மீதும் எனக்குப் புகார் இல்லை. அவரும் எங்கோ ஒரு பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

10. நேற்று பொறுப்பாளர், யாரும் இல்லாத நேரம் பார்த்து, இழுப்பறையைத் திறந்து காட்டினார். தேய்ந்த சோப்புத் துண்டு அளவுக்கு மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி. என் சொற்களைத் தின்றது இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "மேலேயிருந்து ஒரு வார்த்தை வரட்டும்மா. அடுத்த நிமிஷமே சீவிக் கொடுத்துடறேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். யாரும் சொல்லாமலே வேலை செய்யும் செல்கள் என் தலையில். யாராவது சொல்லும்வரை அசையாத நல்லவர்கள் தங்கள் அலுவலகத்தில். இரண்டுக்கும் நடுவில் நான்.

ஆகவே, அந்த ஒரு வார்த்தையைத் தாங்கள் சொல்ல வேண்டுமென்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன். முழுக் கட்டியையும் நான் கேட்கவில்லை; ஒரு சீவல் போதும். மீதியை நிர்வாகமே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். அதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பற்றும் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

நாள்: மறுப்பு ஆணை கைக்கு வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை
இடம்: நோயியல் துறை வாசல் பெஞ்சு

தங்கள் பதிலுக்கு இங்கேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
நீதிமன்றத் தட்டச்சர்