வைட்டமின்தானே என்றீர்கள்

ராய்ப்பூர்
8.2.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

நான் நலம். நீ ராசிபுரத்தில் உன் அப்பா அம்மாவோடு நலமாக இருப்பதை உன் தம்பியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கட்டின புருஷனுக்கு அந்த வழிதான் மிச்சம். உன் நம்பருக்கு அடித்தால் ஒரு மணியோடு நின்றுவிடுகிறது. பிளாக் பண்ணிவிட்டாய் என்று நம் போர்வெல் ரிக் வண்டி டிரைவர் சொல்லிச் சிரித்தார். அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன்.

இங்கே போர்வெல் போடும் வேலை ஓய்வில்லாமல் ஓடுகிறது. எவ்வளவு ஆழம் இறங்கினாலும் வெறும் புகைதான் வருகிறது. தினமும் ரொட்டியைத் தின்று வயிறு கெட்டுக் கிடக்கிறது. அம்மா கொஞ்சம் வெடுக்கென்று பேசும் ஆள்தான். அதற்காகப் பொங்கலோடு போனவள் மாசி பிறக்கப்போகிறது, இன்னும் வராமல் இருந்தால் எப்படி? திருச்செங்கோட்டில் நாலு பேர் கேட்கிறார்கள்.

போட்டோவில் உன் முகம் பளிச்சென்று இருக்கிறது. பரு இருந்த இடமே தெரியவில்லை. அந்த சேலத்து டாக்டரம்மா கைராசிக்காரர்தான்.

சீக்கிரம் கிளம்பு.

உன்
மணிமாறன்

*

ராசிபுரம்
19.2.2025

அன்புள்ள மாமா,

வயிற்றுக்கு மோரில் வெந்தயம் போட்டுக் குடியுங்கள்.

நீங்கள் பேனா பிடித்தது ஒரு வகையில் நல்லதாயிற்று. போனில் பேச்சு சங்கடமான இடத்துக்கு வந்ததும் உங்களுக்கு சிக்னல் போய்விடும். தாளில் போகாது.

அத்தை வெடுக்கென்று பேசியதற்காகவா நான் வந்தேன்? "வயித்துப் புள்ளையோட ஸ்கூட்டில குதிச்சுக்கிட்டுப் போயி எம் பேரப்புள்ளயக் கொன்னுபோட்டா" என்று பொங்கலன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்கள். ஸ்கூட்டி சாவியைப் பிடுங்கி வைத்து, நூல் கடை வேலைக்குப் போகவிடாமல் செய்தது அதற்கு முன்பே. நீங்கள் தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

உங்கள் தங்கை சித்ராவின் கல்யாண போட்டோவில் அண்ணி முகத்தில் பரு இருந்தால் அசிங்கம் என்று சொன்னது நீங்கள். சேலத்துக்குக் கூட்டிப் போனதும் நீங்கள். அந்த டாக்டரம்மா நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இது வைட்டமின் ஏ வகை மாத்திரைங்க. சாப்பிடற வரைக்கும், நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கரு தங்கவே கூடாது. தங்கினா குழந்தை குறையோட பொறக்கலாம்." நீங்கள் தலையாட்டினீர்கள். என் உதடு வெடித்துத் தோல் உரிந்தபோது, வெண்ணெய் தடவிக்கொள், மாத்திரையை நிறுத்தாதே என்றீர்கள். நீங்கள் லீவுக்கு வந்த அன்று ராத்திரி, வேண்டாம் மாமா என்று நான் எவ்வளவோ சொன்னேன். "வைட்டமின்தான அம்முணி, கேரட்டுல இருக்கறதுதான, ஒரு நாள்ல என்னாயிரும்" என்றீர்கள்.

ஆகிவிட்டது. டாக்டர்கள் ஆபத்தை எடுத்துச் சொன்ன பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கலைக்கச் சம்மதித்தோம். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் நீங்கள் வராண்டாவில் நின்று அத்தைக்குப் போன் போட்டு, ஸ்கூட்டி குழியில் இறங்கித் தானாகக் கலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அத்தையிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

பிரபா

*

ராய்ப்பூர்
4.3.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

உன் கடிதத்தை லாரிக்குள் உட்கார்ந்து படித்தேன்.

தப்பு என் பேரில் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வைட்டமின் என்று பேர் வைத்திருந்தால் என்னைப் போன்ற ஆள் என்ன நினைப்பான், நீயே சொல். அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது. நான் என்றால் அதற்கு உயிர். தன் மகன்தான் காரணம் என்று தெரிந்தால் அங்கேயே மயங்கி விழுந்துவிடும். நீ சின்ன வயசு, தாங்கிக்கொள்வாய் என்று நினைத்துவிட்டேன்.

முடிந்துபோனதைக் கிளற வேண்டுமா? வேண்டும் என்றுதான் நீ சொல்வாய். சரி, பங்குனியில் ஊருக்கு வருகிறேன். வந்ததும் சொல்கிறேன். இது சத்தியம்.

உன்
மணிமாறன்

*

ராசிபுரம்
15.3.2025

அன்புள்ள மாமா,

சத்தியம் என்று எழுதிய வரியை என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "சொன்னா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நான் நம்புகிறேன்.

உங்கள் மேல் எனக்கு ஆசை விட்டுப் போகவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிள்ளை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், நீங்களும் என் கூடச் சேர்ந்து அழுதீர்கள். நானே கொன்றேன் என்ற பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. உங்கள் தெருவில் என்னைப் பார்த்ததும் பெண்கள் என் கண் படாதபடி கைக்குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

சொல்லிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். கூப்பிட யாரும் வர வேண்டாம்.

உங்கள்
பிரபா

*

திருச்செங்கோடு
5.4.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

சொல்லிவிட்டேன். ஸ்கூட்டியால் ஒன்றும் ஆகவில்லை, முகத்துக்குச் சாப்பிட்ட மாத்திரைதான் காரணம் என்று அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"ஆர்ரா அத வாங்கிக் குடுத்தது?" என்று அம்மா கேட்டது. அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. பார்லரில் யாரோ சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாமல் நீயே வாங்கிச் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டேன். மாத்திரை என்பது உண்மைதானே. அம்மா கொஞ்சம் சத்தம் போட்டது, ரெண்டு நாளில் ஆறிவிடும். ஸ்கூட்டி சாவியையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ கேட்டபடி செய்துவிட்டேன். வருகிற புதன்கிழமை கார் அனுப்புகிறேன், மறுக்காமல் ஏறி வா.

உன்
மணிமாறன்

*

ராசிபுரம்
9.4.2025

திரு. மணிமாறன் அவர்களுக்கு,

கார் வந்து வாசலில் நிற்கிறது. இதை டிரைவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானே திருச்செங்கோட்டுக்கு வந்தேன். நீங்கள் ரிக் ஷெட்டுக்குப் போயிருந்தீர்கள். டாக்டரம்மா சொன்னது, நீங்கள் சொன்னது, வராண்டாவில் இருந்து போன் பேசியது, எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். மயங்கி விழவில்லை.

"எனக்குத் தெரியுஞ் சாமி," என்றார்கள். "ஆசுபத்திரில இருந்து அவன் பேசுன பேச்சுலயே பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா? ஆனா ஊட்டு ஆம்பள பேர நாமளே கெடுக்க முடியுமா? நீ வெளிய இருந்து வந்த புள்ள. கொஞ்ச நாளு பேசுவாங்க, அப்பறம் மறந்துருவாங்க. கீரை கடையறேன், சாப்புட்டுட்டுப் போ."

நான் சாப்பிடவில்லை.

உண்மை தெரியாததால்தான் அத்தை என்னைத் திட்டுகிறார்கள், தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் உங்களை அவ்வளவு கெஞ்சினேன். அந்த வீட்டில் விவரம் தெரியாதவளாக இருந்தது நான் ஒருத்திதான்.

கார் காலியாக வருகிறது. இனி எனக்கு எழுத வேண்டாம். வக்கீலிடம் இருந்து கடிதம் வரும், அதற்குப் பதில் போட்டால் போதும்.

பிரபா