சட்டைப் பையில் இருந்த பூச்சி மாத்திரை

இசை அப்பாவுக்கு,

சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடியிருக்கின்றன.

இசைக்கு மறுபடி பூச்சி அரிப்பு வந்ததும், "எல்லாம் இந்த நாயாலதான்" என்று சீசரைக் காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் விட்டுவிட்டு வந்தீர்கள். இன்று டாக்டர், "இந்தப் பூச்சி நாய்கிட்டேர்ந்து வராதும்மா, மனுஷங்ககிட்டேர்ந்துதான். வீட்ல எல்லாரும் மாத்திரை போட்டீங்களா?" என்றார். போட்டோம் என்று சாதித்தேன்.

வந்து உங்கள் ஷிப்ட் சட்டையை ஊறவைத்தால், பையில் பிரிக்காத மாத்திரை. "முழுங்கிட்டேன், வுடு" என்றீர்களே, அதேதான். சீசர்கூடத் தன் மருந்தைத் துப்பாமல் தின்றது.

மூவரும் ஒரே நாளில் மறுபடி போட வேண்டுமாம். நாங்கள் போட்டுவிட்டோம். உங்களுடையது தட்டின் மேல் இருக்கிறது. மென்று தின்னுங்கள்.

சீசரைத் தேடி அந்தத் தோப்புக்குப் போகிறோம். அங்கே யாரோ பார்த்ததாக இசையிடம் சொல்லியிருக்கிறேன்.

பி.கு.: நகத்தை வெட்டுங்கள். போர்வையெல்லாம் வெந்நீரில் ஊறுகிறது, அலசுவது உங்கள் வேலை.

இன்னொன்று: நாய் தானாக ஓடிப்போச்சு என்று பிள்ளையிடம் சொன்னது நீங்கள். சீசர் கிடைத்தால் அந்தப் பொய் அப்படியே இருக்கட்டும். கிடைக்காவிட்டால், திரும்பும் பஸ்ஸிலேயே உண்மையைச் சொல்லிவிடுவேன்.